ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேடு

மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள் நம் சிற்றூர்களுக்கு ஒரு திருநாளாகவே ஆகிவிட்டது. ஊர் முகப்பில் தட்டி கட்டப்படுகிறது. ‘நமது உயர்நிலைப் பள்ளி 100 விழுக்காடு தேர்ச்சி’ என்று பெரிய எழுத்தில் எழுதப்படுகிறது. தலைமையாசிரியருக்குச் சால்வை அணிவிக்கின்றனர். முதல் மதிப்பெண் பெற்ற மாணவிக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் கையாலேயே பணமுடிப்பு வழங்குகிறார். 2025ஆம் ஆண்டு மாநிலம் முழுமைக்குமான தேர்ச்சி 93.80 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன்னர் நினைத்தும் பார்த்திராத உயரம் இது. வயல் வேலையும் கடல் வேலையும் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் எட்டிய உயரம் என்பதால் நாமும் மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சியில் குறை காண்பது நம் நோக்கமன்று.

ஆயினும் அந்த நூறு விழுக்காடு எந்த எண்ணிக்கையின் மீது கணக்கிடப்பட்டது என்று வினவுவோர் அரியர். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஆறாம் வகுப்பில் 40 பிள்ளைகள் சேர்ந்த ஒரு பள்ளியில், ஐந்தாண்டு கழித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியோர் 31 பேர், அனைவரும் தேர்ச்சி. பள்ளியின் தேர்ச்சி 100 விழுக்காடு. ஆறாம் வகுப்பில் சேர்ந்த 40 பேரையும் கணக்கில் கொண்டாலோ அது 77.5 விழுக்காடாகிறது. எஞ்சிய ஒன்பது பேரும் படிப்பை விட்டவர் என்று சொல்வதும் நேர்மையாகாது. ஒருவர் நகரத்து மெட்ரிக் பள்ளிக்குச் சென்றிருப்பார்; ஒருவர் தாய்மாமன் ஊரில் தங்கிப் படிப்பார். அவர்கள் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றவர்கள். அது பெறாமல், சொல்லிக்கொள்ளாமல், ஒரு நாள் வராமல் போய், மறுநாளும் வராமல் போய், பின்னர்ப் பதிவேட்டில் ‘நீண்ட நாள் வருகையின்மை’ என்னும் குறிப்பாக மட்டும் எஞ்சிய பிள்ளைகளைப் பற்றியே நாம் இங்குப் பேசுகிறோம். அவர்கள் தேர்வில் தோற்றவர்கள் அல்லர். தேர்வுக் கூடத்திற்கே வந்து சேராதவர்கள். எனவே எந்த விழுக்காட்டிலும் அவர்களுக்கு இடமில்லை.

சிற்றூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஓராண்டு எவ்வாறு கழிகிறது என்பதை அறியாமல் இதனைப் புரிந்துகொள்ள இயலாது. நம்முள் பலர் அத்தகைய பள்ளியில் பயின்றவர்களே. எனினும் கல்லூரி வாயிலைக் கடந்ததும் அந்த ஆண்டின் நடையை மறந்துவிடுகிறோம்.

1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி நடைமுறைக்கு வந்த பொழுது, பதினோராம் வகுப்பு வரை கற்பித்த பழைய உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றது. பெரிய ஊர்களின் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாயின. சிற்றூர்களில் நடுநிலைப் பள்ளியாக இருந்து, ஊரார் நிலம் தந்து, பங்குத்தொகை திரட்டி, அலுவலகம் அலுவலகமாக நடந்து, பின்னர்த் தரம் உயர்த்தப்பட்டவையே இன்று நாம் காணும் உயர்நிலைப் பள்ளிகளுள் பல. நூறு, நூற்றைம்பது பிள்ளைகள். வகுப்புக்கு ஒரே பிரிவு. பாடத்திற்கு ஒரு பட்டதாரி ஆசிரியர். அவருள் ஒருவர் மாறுதலாகிச் சென்றால் அடுத்தவர் வரும் வரை அப்பாடமே நின்றுபோகும். ஆனால் எல்லா ஆசிரியர்க்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியும்; எவர் வீட்டில் என்ன துன்பம் என்பதும் தெரியும். ஆயிரம் பேர் பயிலும் நகரப் பள்ளிக்கு இல்லாத செல்வம் இது. அதன் பயனை நாம் இன்னும் உணரவில்லை என்றே தோன்றுகிறது.

வானம் பார்த்த பூமியில் ஓராண்டு

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். அரசின் நாள்காட்டியில் கல்வியாண்டு சூன் மாதத்தில் தொடங்குகிறது. வெயில் மிகுந்தால் சில நாள் தள்ளிப்போகும். இலவசப் பாடநூல்கள் வந்து சேர்கின்றன. புதிய நூலின் மணத்தை முகர்ந்து பார்க்காத மாணவர் உண்டோ? எனினும் அதே மாதத்தில் கடற்கரை ஊர்களின் நிலை என்ன? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. 2017ஆம் ஆண்டுக்கு முன்னர் அது 45 நாள்களாக இருந்தது. மீன்வளம் பெருக வேண்டுமெனில் அத்தடை வேண்டியதே. ஆனால் பள்ளி திறக்கும் வாரத்தில் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகள் இரண்டு மாத வருவாய் இன்றி இருக்கின்றன. பாடநூல் இலவசம், குறிப்பேடும் கணிதக் கருவிப் பெட்டியும் இலவசம். சீருடை தைக்கும் கூலி, வழிகாட்டி நூல், தனிப்பயிற்சிக் கட்டணம் என்று சொல்லாமல் வரும் செலவுகள் மட்டும் இலவசமல்ல. ‘படகு போகட்டும், பிறகு வருகிறேன்’ என்று சொல்லும் பிள்ளை சூலை மாதத்தில்தான் பள்ளிக்கு வருகிறது. அதற்குள் கணிதத்தில் முதற்பாடம் முடிந்துவிடுகிறது.

சூலை 15ஆம் நாள் பெருந்தலைவர் காமராசரின் பிறந்த நாள். 2006 முதல் அது கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடைபெறுகின்றன, இனிப்பு வழங்கப்படுகிறது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று கண்டு, பள்ளியிலேயே சோறு போட்டவர் என்று மேடைதோறும் மாணவர் முழங்குகின்றனர். 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டாண்டுகளில் 15 வயது வரையிலான மாணவர்க்கும் விரிந்தது. இன்று பத்தாம் வகுப்பு வரை நண்பகல் உணவு உண்டு. 2022ஆம் ஆண்டு தொடங்கிய காலை உணவுத் திட்டமோ தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது. தன் ஊர்த் தொடக்கப் பள்ளியில் காலையில் உப்புமாவும் பொங்கலும் உண்டு பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்புக்காக மூன்று கல் தொலைவு நடக்கத் தொடங்கும் அந்த ஆண்டிலேயே காலை உணவை இழக்கிறது. வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளைக் கண்ட ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று.

ஆவணி, புரட்டாசியில் காலாண்டுத் தேர்வு. அதே நாள்களில்தான் மானாவாரி நிலங்களில் உழவும் நேரடி விதைப்பும் நடைபெறுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கண்மாய் பெருகினால் ஊர் மகிழும். ஓடை பெருகினால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வழியில்லை. மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் மழை விடுமுறை ஒருபுறமிருக்க, எவரும் அறிவிக்காத மழை விடுமுறைகள் பல உண்டு. அந்நாள்களிலேயே களையெடுப்பும் வருகிறது. களையெடுக்கத் தாய் சென்றால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பவள் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் மூத்த மகள்.

இதே பருவத்தில் பள்ளிக்குள் வேறொரு வாழ்வும் மலர்கிறது. 2022-23ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடத்தப்படும் கலைத்திருவிழாவை நாம் பெரிதும் மதிக்கிறோம். இயற்கணிதத்தில் ஒற்றை இலக்கம் வாங்கும் மாணவன் சிலம்பம் சுற்றி வட்டார அளவில் பரிசு பெற்று வருகிறான். வகுப்பில் வாய் திறவாத மாணவி நாட்டுப்புறப் பாடலில் அவையைக் கட்டிப் போடுகிறாள். ஒத்திகை நடைபெறும் வாரங்களில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். அத்தகைய பிள்ளைகள் ஒரு நாளும் தவறுவதில்லை. பள்ளிக்கு வருவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பத்தாம் வகுப்பினர்க்கோ அரையாண்டுத் தேர்வு நெருங்க நெருங்க விளையாட்டுப் பாடவேளை கணித ஆசிரியருக்கும், ஓவியப் பாடவேளை அறிவியல் ஆசிரியருக்கும் சென்றுவிடுகின்றன. இலக்கிய மன்றக் கூட்டம் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒத்திவைக்கப்படுகிறது. தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் தனி வருத்தம் உண்டு. மேடையேறிப் பழகாமல் கல்லூரிக்கு வரும் மாணவரை ஐந்து நிமிடம் பேசவைக்க நாம் ஓராண்டு பாடுபட வேண்டியிருக்கிறது.

தை பிறந்தால் அறுவடை. அதன் பின்னர் மாசி, பங்குனி, சித்திரை என மிளகாய்க் காலம். இராமநாதபுரத்து முண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றதை நாம் பெருமையோடு பேசுகிறோம். அப்பழத்தைச் செடியிலிருந்து பறித்துக் களத்தில் காயவைக்கும் கைகளுள் பள்ளிக்கூடத்துக் கைகளும் உண்டு என்பதைப் பேசுவதில்லை. சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்கள் இடம்விட்டு இடம் பெயர்கின்றன. பிள்ளைகளும் உடன் செல்கின்றனர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குவதும் இக்காலத்தில்தான். அண்மை ஆண்டுகளில் ரமலான் மாதமும் இதனோடு வந்து சேர்ந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு 26 தொடங்கி ஏப்ரல் 8 வரை நடைபெற்ற தேர்வை நம் பிள்ளைகள் நோன்பு நோற்றவாறே எழுதினர். அவர்கள் மாலையில் நோன்பு திறக்கும் நேரத்திற்குச் சிறப்பு வகுப்பை முன்னதாக முடித்து அனுப்பிய பிற சமயத்து ஆசிரியப் பெருமக்களை நன்றியுடன் நினைக்கிறோம்.

இவ்வாறு அரசின் நாள்காட்டி ஒன்றாகவும் ஊரின் நாள்காட்டி வேறொன்றாகவும் இருக்க, இரண்டுக்கும் இடையில் நடந்து நடந்து களைத்துப்போகும் பிள்ளை எந்த வகுப்பில் நின்றுவிடுகிறது?

கைவிடப்பட்ட ஆண்டு

ஒன்பதாம் வகுப்பில் என்பதே நம் விடை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை அவ்வகுப்பில் கால் வைக்கிறது. 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி என்பது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் குறிக்கோள். 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அதனை 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் உரிமையாக்கியது. அவ்வுரிமை எட்டாம் வகுப்போடு முடிகிறது. தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை எவரையும் தேக்கி வைப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில்தான் ‘தேர்ச்சி இல்லை’ என்னும் சொல்லைப் பிள்ளை முதன்முதலாகக் கேட்கிறது. சத்துணவு உண்ணும் மாணவர்க்கு அரசு தரும் விலையில்லாச் சீருடையும் எட்டாம் வகுப்போடு நிற்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதைத்தான் எல்லையாகக் கொள்கிறது. அதற்கு மேல், தீங்கு பயக்கும் தொழில்கள் நீங்கலாகப் பிறவற்றில் அமர்த்தத் தடையில்லை. பள்ளிக் கதவு மெல்லச் சாத்தத் தொடங்கும் அதே வயதில் வேலைக் கதவு திறக்கிறது.

இனி மறுபுறம் பாருங்கள். படிப்பை இடையில் விடாதிருக்க 2011-12ஆம் கல்வியாண்டில் அறிமுகமான ஊக்கத்தொகை பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கியது. விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில் வழங்கப்படுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பின்னரே. இவையனைத்தும் போற்றத்தக்கவை, நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியர் பலர் இவற்றால் வந்தவர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஏதுமே இல்லையென்றும் கூறோம். பாடநூலும் பேருந்துச் சலுகையும் சத்துணவும் உண்டு. எட்டாம் வகுப்பில் தேசியத் திறனறித் தேர்வில் வென்ற பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்காண்டு உதவித்தொகை உண்டு. அதனை வெல்பவர் எப்படியும் படித்துவிடக்கூடிய பிள்ளைகள். வெல்ல இயலாத, தோற்கவும் துணிவில்லாத பெரும்பான்மையினர்க்கு அவ்வாண்டில் தனியாக எதுவும் வருவதில்லை.

மிதிவண்டியைப் பற்றி ஒரு சொல். நம் மாநிலத்தில் அது 2001-02இல் ஒரு பகுதியினர்க்குத் தொடங்கப்பெற்றுப் பின்னர் மேல்நிலை முதலாண்டு மாணவர் அனைவர்க்கும் விரிந்தது. 2006ஆம் ஆண்டு பீகார் மாநிலம் இதனையொத்த திட்டத்தைக் கொணர்ந்த பொழுது, ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் தந்தது. உயர்நிலைக் கல்வியில் பெண்பிள்ளைகளின் சேர்க்கை உயர்ந்ததையும், ஆண்பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்ததையும் ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். கல்வியில் பின்தங்கிய மாநிலம் என்று நாம் எளிதாகக் கூறிவிடும் ஒன்று, எந்த வகுப்பில் பிள்ளை நழுவுகிறது என்பதைச் சரியாகக் கண்டுகொண்டது. பதினொன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர்க்கு வண்டி தருவதைவிட, வந்து சேர வேண்டியவர்க்கு ஈராண்டு முன்னரே தருவது நலம் என்பது நம் கருத்து. வண்டியின் விலை மாறப்போவதில்லை. தரும் ஆண்டு மட்டுமே மாறும்.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னும் சில சொல்ல வேண்டும். 1989ஆம் ஆண்டு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் தொடங்கிய பொழுது எட்டாம் வகுப்புப் படிப்பே தகுதியாக வைக்கப்பட்டது. பின்னர் அது பத்தாம் வகுப்பாயிற்று. 2022இல் அத்திட்டமே உருமாறிக் கல்லூரிப் படிப்புக்கான உதவியாயிற்று. ஒரு சமுதாயம் தன் பெண்களிடம் எதிர்பார்க்கும் கல்வி முப்பது ஆண்டுகளில் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஆயினும் ‘வயதுக்கு வந்த பிள்ளையை இருட்டிய பின் பேருந்தில் எப்படி அனுப்புவது?’ என்னும் தந்தையின் கேள்வியை நாம் பழமைவாதம் என்று தள்ளிவிட இயலாது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் ஊருக்குச் செல்லும் பேருந்து போய்விடுகிறது என்றால், அவர் கேட்பதில் நியாயம் உண்டு. கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளிக்கு மாதத்தில் சில நாள் வர இயலாத மாணவியின் இடர்ப்பாட்டையும் அவள் தாய் ஆசிரியரிடம் வாய்விட்டுக் கூறமாட்டாள். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுக் கொடுப்பதும், பேருந்து நேரத்தைப் பணிமனையில் பேசி மாற்றுவதும் கல்வித் தொண்டாகுமா என்று ஐயுறும் பெரியவர்களுக்கு, ஆகும் என்றே மறுமொழி கூறுவோம்.

நம் கருத்துக்கு மறுப்பு உண்டு. அதனைத் தட்டிக் கழிப்பது முறையன்று. ‘ஏழைப் பிள்ளைக்குக் கைகொடுக்கும் ஒரே ஏணி பொதுத்தேர்வு. சிபாரிசும் செல்வமும் இல்லாதவனுக்கு மதிப்பெண் சான்றிதழ்தான் சொத்து. அதனை மட்டமாகப் பேசுவோர் தம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வேண்டியதைச் சேர்த்து வைத்தவர்கள்’ என்பர். இதில் உண்மை இருக்கிறது. முதல் தலைமுறையாகப் பயிலும் மாணவனிடம் தேர்வு பெரிதன்று என்று கூறும் உரிமை நமக்கு இல்லை. ஆசிரியர் நிலையையும் எண்ண வேண்டும். தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்கப்படுபவர் அவரே. ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேர் காணாமற் போனதற்கு எவரும் அவ்வளவு கடுமையாக விளக்கம் கேட்பதில்லை. கேட்கப்படுவதற்கே மனிதர் அஞ்சுவர். எழுத்துக் கூட்டவும் தடுமாறும் ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டால், அடுத்த ஆண்டின் தேர்ச்சி விழுக்காடு காப்பாற்றப்படுகிறது என்பது பள்ளிகளில் எவரும் வாய்விட்டுப் பேசாத கணக்கு. ‘இவனுக்குப் படிப்பு வராது, தொழில் கற்றுக்கொள்ளட்டும்’ என்று பெற்றோரிடம் அன்பாகவே சொல்லப்படும் சொல்லுக்குப் பின்னால் சில நேரம் இக்கணக்கு நிற்கிறது. எல்லா ஆசிரியரும் அப்படியல்லர். விடுமுறை நாளிலும் வீடு தேடிச் சென்று பிள்ளையை அழைத்து வருவோரை நாம் அறிவோம். அவர்களுக்குச் சால்வை அணிவிக்க எவரும் வருவதில்லை என்பதுதான் நம் குறை.

பொதுத்தேர்வு வேண்டும். ஆனால் பள்ளியின் தகுதியை அளக்க அது ஒன்றே போதுமா? 2017ஆம் ஆண்டு மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசே நிறுத்திவிட்டது, உலகம் இடிந்துவிடவில்லை. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் பத்தாம் வகுப்புத் தேர்வு நீக்கப்பட்ட பொழுது, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கொண்டு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. பள்ளிக்கு வந்ததற்கே மதிப்பெண் கிடைத்த அரிய ஆண்டு அது. அடுத்த ஆண்டும் தேர்வின்றி அனைவரும் தேர்ச்சி பெற்றனர். ஆனால் பள்ளிகள் மூடிக்கிடந்த அந்த மாதங்களில்தான் எத்தனையோ பிள்ளைகள் வேலைக்குப் போயினர். கைப்பேசி இல்லாத வீடுகளுக்குப் பாடம் செல்லவில்லை. தேர்ச்சி விழுக்காடு முழுமையாக நின்ற ஆண்டிலேயே கல்வி மிகுதியாகச் சிதைந்தது. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கித் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப நேர்ந்தது அதனாலேயே.

ஆதலின் ஊர்ப் பெரியவர்களிடமும் நம் பழைய மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஆண்டுதோறும் முதல் மதிப்பெண்ணுக்கு நீங்கள் வழங்கும் பணமுடிப்பைத் தொடர்ந்து வழங்குங்கள். அதனோடு இன்னொரு பரிசையும் ஏற்படுத்துங்கள். சூன் மாதம் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர் அனைவரும் மறு சூனில் பத்தாம் வகுப்பில் அமர்ந்திருந்தால், அந்த வகுப்பாசிரியருக்கும் அந்த வகுப்பு முழுமைக்கும் அப்பரிசைத் தாருங்கள். மாற்றுச் சான்றிதழ் பெற்று வேறு பள்ளி சென்றவரைக் கழித்துவிடலாம். கணக்கு எளிது, பதிவேடு பள்ளியிலேயே இருக்கிறது. ஒரு மாணவன் நின்றால் வகுப்பே பரிசை இழக்கும் என்னும் நிலை வந்தால், தோழர்களே அவனை அழைத்து வருவர். பதினான்கு வயதில் ஆசிரியர் சொல்லைவிடத் தோழன் சொல்லே வெல்லும் என்பது நாம் அனைவரும் பட்டறிந்தது.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அக்குழுக் கூட்டங்களில் சுற்றுச்சுவரும் கூரையும் பேசப்படுகின்றன. அவையும் வேண்டியவையே. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்பதாம் வகுப்பில் பத்து நாள் தொடர்ந்து வராதவர் பெயரை வாசிப்பது என்னும் ஒரு வழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு அரசாணை வேண்டா, நிதியும் வேண்டா. களையெடுப்பில் அருகருகே நிற்கும் தாய்மார்கள் ஒருவர் மகளைப் பற்றி மற்றவர் கேட்பது, அலுவலர் வந்து கேட்பதைவிட எளிதில் பயன் தரும்.

நம் கல்லூரியின் பங்கு என்ன? முதலாண்டு இளங்கலை வகுப்பில் பயிலும் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் உடன் அமர்ந்தோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். இன்று எவர் எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறிக்கட்டும். திருப்பூர் பனியன் ஆலை, சென்னைப் பலசரக்குக் கடை, துபாய், திருமணமாகிப் பக்கத்து ஊர் என்று அத்தாள் நிரம்பும். தமிழ்த்துறை மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக இதனைத் தரலாம் என்பது நம் எண்ணம். அப்பட்டியலில் எந்த வகுப்போடு எத்தனை பேர் நின்றனர் என்று எண்ணிப் பார்க்கும் பொழுது, நாம் மேலே கூறியவற்றை நம்புவதற்கு வேறு புள்ளிவிவரம் தேவைப்படாது. மாறுபட்ட விடை கிடைத்தால் அதனையும் அடுத்த மலரில் வெளியிடுவோம்.

நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஏழு நாள் நடைபெறுகிறது. முள் வெட்டுகிறோம், கோயிலிலும் பள்ளிவாசலிலும் சுற்றுப்புறத்தைத் தூய்மை செய்கிறோம், இரவில் கலைநிகழ்ச்சி நடத்துகிறோம். அம்முகாமின் இரு நாள்களை ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு ஒதுக்கலாம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாவது வாரமே அதற்கு ஏற்ற வேளை. அறுவடைக் கூலி கைக்கு வந்து, மிளகாய்ப் பழம் சிவக்கத் தொடங்கும் அந்நாள்களில் பதிவேட்டில் வெற்றிடங்கள் கூடுகின்றன. தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அப்பெயர்களைக் குறித்துக்கொண்டு, அந்த ஊரிலிருந்தே நம் கல்லூரிக்கு வந்த மாணவரையும் மாணவியையும் முன்னால் நடக்கவிட்டு, வீடுகளுக்குச் செல்ல வேண்டும். காலையில் சென்றால் வீடு பூட்டியிருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் மிளகாய் காயும் களத்திற்குச் சென்றால் பிள்ளையையும் தாயையும் ஒருசேரக் காணலாம்.